முழங்கால் அளவு

வெள்ளம் வடிந்த மறுவாரம்தான் எனக்கு வேலை.
இன்சூரன்ஸ் சர்வேயர், மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ்.
கெடிலம் உள்ளே உட்கார்ந்துவிட்டுப் போன கார்களின்
சீட்டை அழுத்தி,
விரலை மோந்து பார்த்து எழுதுவேன்:
பாதிச் சேதம். முழுச் சேதம்.
புதுக் கார் எது வாங்கலாம் என்று
என்னிடம் வந்து கேட்பது
பிணவறைக்காரனை மாப்பிள்ளை பார்க்க
அனுப்புகிற மாதிரி.

பெனடிக்டா கேட்டாள்.
தம்பி பெண்டாட்டியாக இருந்தவள்.
இப்போது இல்லை,
ஆனாலும் கணக்கென்றால் என்னிடம்தான் வருவாள்.
புதுச்சேரியில் டயாலிசிஸ் நர்ஸ்.
வண்ணாரப்பாளையத்திலிருந்து
போக இருபத்தி நாலு, வர இருபத்தி நாலு.
மூன்று மின்சாரக் கார்களை
கேஸ் புக்கின் பின்னட்டையில் எழுதி வந்தாள்:
சின்னது, நடுவானது, பெரியது.

மாசத்துக்கு இருபத்தாறு நாள் ஓட்டினால்
பெட்ரோல் ஏழாயிரத்து எண்ணூறு,
கரண்ட் ஆயிரத்து இருநூற்றைம்பது.
சின்னதை வாங்கினால்
கூடக் கொடுத்த இரண்டரை லட்சம்
முப்பத்தொன்பதாம் மாசம் திரும்பி வரும்.
பெரியதற்கு மேலும் ஏழு லட்சம்.
அது வருஷத்துக்கு இரண்டு நாள் போகும் ஊருக்காக
மிச்ச நாளெல்லாம் சுமக்கிற எடை.
நடுவானதை இரண்டு பேருமே
மறந்துவிட்டோம், ஏனென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் தண்ணீர்.
அவள் வீட்டு இரும்புக் கேட்டில்
போன மழையின் கோடு இன்னும் அழியவில்லை.
பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்:
என் முழங்காலுக்கு நாலு விரல் மேலே.
பேட்டரி படுத்திருப்பதோ
முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.

விழுப்புரம் ரோடு ஷோரூமில்
ஹேமச்சந்திரன் என்ற பையன், கழுத்தில் டை,
ஒரு சார்ஜில் நானூற்றைம்பது என்றான்.
எந்த ஊரில், தம்பி?
கம்பெனி டெஸ்ட்டில் சார்.
அங்கே வெயில் அடித்ததா,
ஏசி போட்டார்களா,
அரியாங்குப்பம் பாலத்தில் அரைமணி நின்றார்களா?
அவன் சிரித்தான், சளைக்கவில்லை.
புகையே இல்லை பாருங்க சார்.
புகை நெய்வேலியில் இருக்கிறது,
என் மச்சினன் வீட்டு மொட்டைமாடியில் காய்கிற வேட்டியில்,
என்றேன்.

தண்ணீர் புகாது, கியாரண்டி உண்டு.
அந்தத் தாளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்,
நனைந்த தாளாக.

கடைசியில் சின்னதையே தட்டிப் பார்த்தேன்.
உப்புக் காற்றுக்கு அடியில் கோட்டிங் பரவாயில்லை.
கதவு மூடும் சத்தம்
பிஸ்கட் டப்பா மாதிரி, போகட்டும்.
தாளில் இருநூற்றைம்பது,
நம் ரோட்டில் நூற்றியெழுபது.

பெனடிக்டா பின்சீட்டில் ஏறி
செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:
வேளாங்கண்ணி?
நூற்றி நாற்பது. போகும், வராது.
சார்ஜ் ஏறணும்.
எவ்வளவு நேரம்?
சாதாரணப் பிளக் என்றால் ஒரு ராத்திரி.
தாளில் எழுதினேன்: நீண்ட பயணம், கழித்தல்.

ஒரு ராத்திரி, என்றாள்.
அதாவது நானும் அங்கேயே தங்கணும்.
யாரும் போன் பண்ணிக் கூப்பிட்டால்
வண்டி நகராது என்று சொல்லலாம்.
பொய்யில்லை.

பதினோரு வருஷமாக
மற்றவர் ரத்தம் குழாயில் போய்
குழாயில் திரும்புவதற்கு
நாலு நாலு மணி நேரமாகக்
காவல் நிற்கிறவள்.
கண்ணை மூடியிருந்தாள்.
ஹேமச்சந்திரனுக்கு என்ன புரிந்ததோ
ஏசியை ஒரு புள்ளி கூட்டினான்.

நான் குனிந்தேன்,
இரண்டாம் தடவையாக,
காருக்கு அடியில் சாண் வைத்துப் பார்க்க.
அதே சாண்தான்.

நிமிர்ந்தபோது
அவள் வெளியே நின்று
கால்மிதிக்கும் கவருக்கும் தனிக்காசா என்று
பையனை உலுக்கிக்கொண்டிருந்தாள்.